ஒரு மணி நேரம் பேசினால் ஓய்ந்துவிடும் டெலிபோன்!

தொடுதிரை போன்களுக்கு மூத்த அண்ணன் "சைமன்"

இன்று பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட செல்போன் திரையை விரலால் தொட்டுப் படம் பார்க்கிறது. பக்கத்தில் இருக்கும் தாத்தா, அதே திரையைத் தள்ளித் தள்ளிச் செய்தி படிக்கிறார்.

"விரல் பட்டால் வேலை செய்யும் இந்தப் போன் எப்போது வந்தது?" என்று கேட்டால், "2007-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோனைக் கொண்டு வந்ததே, அப்போதுதான்" என்று பலர் சொல்வார்கள்.

அது சரியல்ல! அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1994-ல், தொடுதிரை போன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. அதன் பெயர் "சைமன்".

சைமன் மகா கெட்டிக்காரன். பேசுவது மட்டும் அல்ல; கடிதம் அனுப்புவான், கணக்குப் போடுவான், நாள்-நேரம் நினைவூட்டுவான். ஆனாலும் ஆறே மாதத்தில் கடையை விட்டு மறைந்துவிட்டான்.

ஏன் மறைந்தான்? அந்தக் கதைதான் இது.

பொருட்காட்சியில் ஒரு புதுமை

அமெரிக்காவில் லாஸ்வேகாஸ் என்று ஒரு நகரம். அங்கே 1992-ம் ஆண்டு நவம்பர் மாதம் "காம்டெக்ஸ்" என்ற கம்ப்யூட்டர் பொருட்காட்சி நடந்தது.

அதில் ஐ.பி.எம். கம்பெனி ஒரு புதுமையான கருவியை மாதிரிக்காக வைத்தது. அது டெலிபோன், அதுவே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பிராங்க் கனோவா என்ற என்ஜினீயர். அந்தக் கருவியைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் படம் "யு.எஸ்.ஏ. டுடே" பத்திரிகையில் வந்தது.

மாதிரி தயார். அதைத் தயாரித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே!

அந்தக் காலத்தில் செல்போன் தொழிலில் பெயர் பெற்ற கம்பெனி மோட்டோரோலா. ஐ.பி.எம். முதலில் அங்கேதான் போயிற்று. மோட்டோரோலா மறுத்துவிட்டது. "இன்று நம்மிடம் செய்யச் சொல்கிறவர்கள், நாளைக்கு நமக்கே போட்டியாக வந்துவிட்டால்?" என்ற பயம்தான் காரணம்.

பிறகு ஜப்பானைச் சேர்ந்த மிட்சுபிஷி எலக்ட்ரிக் கம்பெனி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. விற்கும் பொறுப்பை "பெல்சவுத்" என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனி எடுத்துக்கொண்டது.

1994 மே மாதமே கடைக்கு வந்திருக்க வேண்டியது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் நிரல்களில் கோளாறு இருந்ததால் தாமதமாயிற்று. கடைசியில் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி விற்பனை தொடங்கியது.

எப்படி இருந்தது?

சைமனின் நீளம் 8 அங்குலம். அகலம் இரண்டரை அங்குலம். கனம் ஒன்றரை அங்குலம். எடை 510 கிராம். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் காதில் வைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

முகப்பில் நீளமான திரை ஒன்று. கலர் கிடையாது; கறுப்பு வெள்ளைதான். எண்களை அழுத்த தனித்தனிப் பொத்தான்கள் இல்லை. எண்கள் திரையிலே தோன்றும். அவற்றை விரலால் தொட வேண்டும். சின்ன எழுத்துக்களைத் தொடுவதற்கு ஒரு குச்சியும் உண்டு.

இன்று இது சாதாரணம். அன்று இது பெரிய ஆச்சரியம். மற்ற செல்போன்களில் எல்லாம் வரிசையாகப் பொத்தான்கள் இருந்த காலம் அது.

சைமனின் பலம்

பொத்தான் இல்லாததால் என்ன லாபம்? இங்கேதான் சைமனின் பலம் இருக்கிறது.

பொத்தான் என்றால், செய்து வைத்தது வைத்ததுதான். "5" என்று எழுதிய பொத்தான் எப்போதும் "5"-தான். ஆனால் திரை அப்படி அல்ல. பேசும்போது அது டெலிபோன் பலகை. கணக்குப் போடும்போது கால்குலேட்டர். தேதி பார்க்கும்போது காலண்டர். எழுதும்போது டைப்ரைட்டர். ஒரே திரை, வேலைக்குத் தகுந்தபடி வேஷம் மாற்றிக்கொள்ளும்.

முகவரிப் புத்தகம் உள்ளே இருந்தது. ஒருவர் பெயரைத் தேடித் தொட்டால் அவருக்கு டெலிபோன் போகும். யாரை எப்போது சந்திக்க வேண்டும் என்று குறித்து வைக்கலாம். உலகத்தின் வெவ்வேறு ஊர்களில் மணி என்ன என்று பார்க்கலாம். குச்சியால் கிறுக்கிக் குறிப்பு எழுதலாம். பொழுது போக ஒரு விளையாட்டுகூட இருந்தது.

எல்லாவற்றையும் விட விசேஷம், கடிதப் போக்குவரத்து. சைமனிலிருந்து மின்னஞ்சல் அனுப்பலாம். "பேக்ஸ்" அனுப்பலாம், பெறலாம். ஓர் இடத்தில் இருக்கும் காகிதத்தின் நகலை டெலிபோன் கம்பி வழியாக வேறோர் இடத்தில் எடுப்பதுதான் பேக்ஸ். அந்த நாளில் ஆபீசு வேலை பெரும்பாலும் பேக்ஸில்தான் ஓடியது. அதற்கென்று மேஜை மேல் பெரிய யந்திரம் வேண்டும். அந்த வேலையைக் கையில் இருக்கும் போன் செய்தது!

எழுதுவதிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஓர் எழுத்தைத் தொட்டால், அடுத்து வரக்கூடிய எழுத்துக்களைச் சைமனே ஊகித்துத் திரையில் காட்டும். இன்றைய போன்கள் பாதி வார்த்தை எழுதும்போதே மீதி வார்த்தையைச் சொல்கின்றன அல்லவா? அதற்கு முன்னோடி இது.

செலவைக் குறைக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தனியாக ஒரு ஒயர் வாங்கினால், சைமனை வீட்டு டெலிபோன் இணைப்பிலும் மாட்டிப் பேசலாம்.

"ஸ்மார்ட் போன்" என்ற பெயர்கூட அன்று ஜனங்களிடம் புழங்கவில்லை. ஆனால் ஸ்மார்ட் போன் செய்யும் வேலைகளில் பல, சைமனிடம் இருந்தன.

விலை என்ன?

இத்தனை சௌகரியம் இருந்தால் விலை சும்மா இருக்குமா?

இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு வாங்கினால் 899 டாலர். ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் 1,099 டாலர். அன்றைய மதிப்பில், 899 டாலர் என்பது ஏறத்தாழ 28 ஆயிரம் ரூபாய்!

அதோடு முடியவில்லை. மாதக் கட்டணம் தனி. பேசும் நிமிடங்களுக்குக் கட்டணம் தனி. அன்று அமெரிக்காவில், செல்போனுக்கு யாராவது போன் செய்தாலும், அதற்கும் செல்போன் வைத்திருப்பவர்தான் பணம் கட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்கா முழுவதும் சைமன் கிடைக்கவும் இல்லை. பெல்சவுத் சேவை இருந்த 15 மாநிலங்களில்தான் விற்றார்கள்.

பாட்டரி என்னும் பலவீனம்

விலையைக்கூட பணக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாத குறை ஒன்று இருந்தது. அதுதான் பாட்டரி.

சைமனில் ஒரு மணி நேரம் பேசினால் பாட்டரி தீர்ந்துவிடும்!

ஒரு வியாபாரி காலை 9 மணிக்கு முழுச் சார்ஜுடன் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருடன் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுகிறார். அவ்வளவுதான். சாப்பாட்டு வேளைக்கு முன்பே சைமன் ஓய்ந்துவிடும்.

வெறும் டெலிபோன் ஓய்ந்தால் பரவாயில்லை. தெருவில் உள்ள பொது டெலிபோனில் பேசிக்கொள்ளலாம். ஆனால் பேச வேண்டியவரின் நம்பர் எங்கே இருக்கிறது? சைமனுக்குள்! மூன்று மணிக்கு யாரைப் பார்க்க வேண்டும்? அதுவும் சைமனுக்குள்!

காகிதத்தில் எழுதிய டைரிக்குப் பாட்டரி வேண்டாம். அது எந்த நேரத்திலும் திறக்கும். எல்லாக் காரியங்களையும் ஒரே கருவிக்குள் வைத்ததுதான் சைமனின் பெருமை. அதனாலேயே, அந்த ஒரு கருவி ஓய்ந்தால் எல்லாக் காரியமும் நின்றது.

கம்பெனிக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. அதனால் பெட்டியிலேயே இரண்டு பாட்டரிகளை வைத்துக் கொடுத்தார்கள். சார்ஜ் ஏற்ற ஒரு பீடமும், போனுக்குத் தோல் உறையும் கூட இருந்தன. ஆனால் அரைக் கிலோ போனோடு இன்னொரு பாட்டரியையும் எத்தனை பேர் சுமப்பார்கள்?

சைமனில் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி. அது கனமானது, கொடுக்கும் மின்சாரமோ குறைவு. இன்றைய செல்போன்களில் இருப்பது லித்தியம்-அயான் பாட்டரி. அது அதே எடையில் இருமடங்குக்கு மேல் மின்சாரம் தரும். ஜப்பானின் சோனி கம்பெனி 1991-லேயே அதை விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது. ஆனால் சைமனுக்கு அது வாய்க்கவில்லை.

மற்றக் குறைகள்

சைமனின் நினைவகம் 1 மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ, சாதாரணமாக 3 மெகாபைட் இருக்கும். அந்த ஒரு படத்தை வைக்கக்கூட சைமனிடம் இடம் கிடையாது!

அனுப்புவதோ ஆமை வேகம். சைமன் ஒரு வினாடிக்கு அனுப்பக்கூடியது ஏறத்தாழ 300 ஆங்கில எழுத்துக்கள். அந்த வேகத்தில் அதே போட்டோவை அனுப்பினால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பாட்டரியின் ஆயுளோ ஒரு மணி நேரம்!

சைமனில் காமிரா இல்லை. இணையப் பக்கங்களைப் பார்க்கவும் முடியாது.

பேச்சில் ரகசியமும் இல்லை. அந்தக் காலத்து செல்போன்கள், குரலை அப்படியே ரேடியோ அலையாக அனுப்பின. அதற்கான கருவி வைத்திருப்பவர்கள் ஒட்டுக் கேட்க முடிந்தது. இந்தக் குறை சைமனுக்கு மட்டும் உரியது அல்ல. அன்றைய அமெரிக்க செல்போன்கள் பலவற்றுக்கும் பொது.

இன்று நமக்கு வேண்டிய செயலிகளை நாமே தேடிப் போனில் ஏற்றிக்கொள்கிறோம். சைமனிலும் அட்டை செருகிப் புது வேலைகளைச் சேர்க்க வழி இருந்தது. ஆனால் அதற்காகச் செயலிகள் எழுதித் தர அதிக ஆட்கள் முன்வரவில்லை. வாசல் திறந்திருந்தது, விருந்தாளிகள்தான் அதிகம் வரவில்லை!

ஆறு மாத வாழ்வு

விற்பனை மந்தமாக இருக்கவே, விலையை 599 டாலராகக் குறைத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. ஆறு மாதத்தில் விற்றவை சுமார் 50 ஆயிரம். 1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சைமன் விற்பனை நின்றது.

ஐ.பி.எம். கம்பெனிக்கும் அது கஷ்ட காலம். 1993-ல் மட்டும் சுமார் 800 கோடி டாலர் நஷ்டம். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். சைமனுக்குத் தம்பியாக வர வேண்டிய போனும் வரவில்லை.

ஜனங்களின் விருப்பமும் வேறு திசையில் போயிற்று. 1996-ல் மோட்டோரோலா "ஸ்டார்டாக்" என்ற போனைக் கொண்டு வந்தது. எடை 88 கிராம்தான்! மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அது சைமன் செய்த வேலைகளைச் செய்யாது. ஆனால் சுமையாக இல்லை. ஜனங்கள் அதை விரும்பி வாங்கினார்கள்.

13 ஆண்டுகளுக்குப் பிறகு

2007-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி, ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை உலகத்துக்குக் காட்டினார். ஜூன் 29-ந் தேதி விற்பனை தொடங்கியது.

அதிலும் பொத்தான் வரிசை கிடையாது. ஒரே திரை, வேலைக்குத் தகுந்தபடி மாறும். சைமன் காட்டிய அதே வழிதான்!

வித்தியாசம் எங்கே? எடை 135 கிராம். அதாவது, சைமனில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. 8 மணி நேரம் வரை பேசலாம் என்றது கம்பெனி. தொடக்க விலை 499 டாலர்.

முதல் ஐபோனிலும் குறைகள் இருந்தன. இணைய வேகம் போதவில்லை. வீடியோ எடுக்க முடியாது. வெளியார் செய்த செயலிகளுக்கான கடை அடுத்த ஆண்டுதான் திறந்தது. ஆனால் அது காலை முதல் மாலை வரை உயிரோடு இருந்தது. 74 நாளில் 10 லட்சம் ஐபோன்கள் விற்றன!

கண்ணாடிப் பெட்டிக்குள்

2014-ல் சைமனுக்கு 20 வயது ஆயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் மாதம், லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சி சாலையில் புதிய கூடம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே சைமனையும் காட்சிக்கு வைத்தார்கள்.

சைமன் தோற்றது அறிவுக் குறைவால் அல்ல. திரை நன்றாக இருந்தது. யோசனை அதைவிட நன்றாக இருந்தது. ஆனால் மாலை வரை உழைக்கப் பாட்டரியில் தெம்பு இல்லை.

புதுப் போன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இன்றும், "காமிரா எப்படி?" என்று கேட்ட கையோடு, "சார்ஜ் எத்தனை நேரம் நிற்கும்?" என்றும் கேட்கிறார்கள். அது நல்ல கேள்வி. 1994-ல் சைமனால் பதில் சொல்ல முடியாமல் போனதும் அந்தக் கேள்விக்குத்தான்!