உஷார்! ஜோடி மாறினால் மார்க் போச்சு

சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் ராப்பகலாகப் படிக்கிற தம்பி, தங்கைகளே, கொஞ்சம் கவனியுங்கள். கணக்கிலும் ரீசனிங்கிலும் மார்க்கை அள்ளிவிட்டு, ஆங்கிலத்தின் ஜோடி இணைப்புச் சொற்களில் கோட்டை விடுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள். ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும். எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 25 கேள்விகள், கேள்விக்கு 2 மார்க். தப்பானால் அரை மார்க் கழியும். கட்-ஆஃபில் கால் மார்க் என்றால் என்னவென்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

பெரிய கண்ணி 'நோ சூனர்'. "பஸ் வந்ததும் மழை பிடித்தது" என்று தமிழில் யோசிப்பதால் கை தானாக 'வென்' போடுகிறது. தப்பு! 'சூனர்' ஒப்பிடும் சொல். 'பெட்டர்', 'பிக்கர்' இவற்றுக்குப் பின்னால் எது வருமோ, அதே 'தேன்'தான் இதற்கும் ஜோடி. "நோ சூனர் டிட் த பஸ் ரீச் ராசிபுரம் தேன் இட் ரெய்ன்ட்." 'டிட்' முன்னால் வந்துவிட்டதால் 'ரீச்' மட்டும்தான், 'ரீச்ட்' கிடையாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பொறி! 'வென்' சேருவது 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டோடு.

அடுத்தது இன்னும் மோசம், ஏனென்றால் காதுக்குச் சரியாகவே கேட்கும். "ஹீ நாட் ஒன்லி செல்ஸ் எக்ஸ் பட் ஆல்சோ சிக்கன்ஸ்." நாமக்கல்லில் முட்டையோடு கோழியும் விற்பவரைப் பற்றித்தான். ஆனால் 'நாட் ஒன்லி'யை ஒட்டி வினைச்சொல், 'பட் ஆல்சோ'வை ஒட்டிப் பெயர்ச்சொல். இரண்டு பக்கமும் ஒரே இனம் வர வேண்டும்: "ஹீ செல்ஸ் நாட் ஒன்லி எக்ஸ் பட் ஆல்சோ சிக்கன்ஸ்." தமிழில் "முட்டையும் கோழியும்" என்று விற்கிற பொருளோடு 'உம்' ஒட்டிக்கொள்வதால் இந்தத் தடுமாற்றம் நமக்கு வருவதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தை நாம்தான் தேடிப் போட வேண்டும்.

'நைதர்–நார்' வந்தால் பின்னால் நிற்பவரைப் பார்த்து வினைச்சொல்லைப் போடுங்கள். "நைதர் த டிரைவர் நார் த கிளீனர்ஸ்" என்றால் 'வேர்'. கிளீனர்களை முன்னால் தள்ளி டிரைவரைக் கடைசியில் வைத்தால் 'வாஸ்'. கூடவே 'நாட்' சேர்க்காதீர்கள். மறுப்பு 'நைதரி'லேயே இருக்கிறது. 'ஆல்தோ'வுக்குப் பிறகு 'பட்' வேண்டாம். "மழை பெய்தாலும், ஆனால் பஸ் வந்தது" என்று தமிழில்கூட யாரும் சொல்வதில்லையே!

தேர்வு எழுதாத பெற்றோரும் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டுக் கணக்குப் படிவத்தில் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று டிக் அடித்தால், இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம். 'ஜாயின்ட்லி' என்றால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். பொருள் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கைக்குக் கை மாறும் ஜெராக்ஸ் நோட்ஸில் 'நோ சூனர் – வென்' என்று இருந்தால் உடனே அடித்துத் திருத்துங்கள். அதே நோட்ஸை வாங்கிப் படிக்கிற நண்பருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.