சத்திரசிகிச்சை மேசையில் தாதியின் கை

மாத்தளையை அடுத்த அலுவிகாரையின் பாறைக் குகைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்றும் ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்டுகிறார்கள். கீறியவுடன் எழுத்து சரியாகத் தெரியாது. கரி மையைத் தடவித் துடைத்த பிறகுதான் தெளிந்து வரும். பிக்குகள் அதுவரை மனப்பாடமாகவே காத்துவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில் இங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த நாள்கள் அவை. ஓதத் தெரிந்தவர்கள் மறைந்தால் நூலும் மறைந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

இந்த ஊரவருக்கும் சுற்றுவட்டாரத் தோட்ட மக்களுக்கும் பெரிய சத்திரசிகிச்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைதான். அங்கு மட்டுமல்ல, நாடெங்கும் தாதியர் பெரும்பாலும் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்தே அரச சேவைக்கு வருகிறார்கள். ஆனால் சத்திரசிகிச்சைக்கூட (தியேட்டர்) வேலையின் நுட்பத்தைப் பெரும்பாலும் நியமனத்துக்குப் பிறகு, மூத்த தாதியின் பக்கத்தில் நின்றே பழகுகிறார்கள். அன்றைய திரிபிடகத்தைப் போல அந்த அறிவு இன்னும் வாய்வழியாகக் கைமாறுகிறது. அதை ஏட்டில் ஏற்ற வேண்டிய காலம் இது.

வேலை என்னவென்று பார்ப்போம். கிருமி நீக்கிய அங்கியணிந்து மேசையருகே நிற்பவர் ‘ஸ்க்ரப்’ தாதி. கிருமி நீக்கிய பகுதிக்கு வெளியே நடமாடி வேண்டியதைக் கொண்டுவந்து கொடுப்பவர் இன்னொருவர். கத்தி தோலைத் தொடுமுன் இருவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள்: துணி ஒற்றிகள், ஊசிகள், கருவிகள். வயிற்றை மூடுமுன் மறுபடி ஓர் எண்ணிக்கை, தோலைத் தைக்கும்போது இன்னொன்று. இரத்தத்தில் நனைந்த ஒற்றி குடலின் மடிப்புக்குள் கிடந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் அதன் உள்ளே எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று வைத்து நெய்திருக்கிறார்கள். ஓர் ஒற்றி குறைந்தாலும் ‘நிறுத்துங்கள்’ என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லத் தாதிக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவும் பயிற்சியில் வருவதுதான்.

சத்திரசிகிச்சைக் கையுறையே ஒரு தாதியின் கைக்காக வந்தது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தாதி கரோலைன் ஹாம்ப்டனின் கைகளைக் கிருமிநாசினி புண்ணாக்கியபோது, வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1889-90 காலப்பகுதியில் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய இறப்பர் கையுறைகள் செய்யச் சொன்னார்.

ஸ்க்ரப் தாதிக்கு அடுத்த படி, முதல் உதவியாளர். வெட்டிய இடத்தை விரித்துப் பிடிப்பது, இரத்தக் கசிவை அடக்குவது, திசுவைக் கையாள்வது, தையல் போடுவது அவருடைய வேலை. இலங்கையில் இதைப் பெரும்பாலும் பயிற்சியிலுள்ள வைத்தியர்களே செய்கிறார்கள். அமெரிக்காவில் 1980களிலேயே பதிவுபெற்ற தாதியருக்கு இந்தப் பொறுப்பை வரையறுத்துத் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். தியேட்டர் அனுபவமும் முறையான படிப்பும் இருந்தால்தான் சேர முடியும். நிபுணரின் நேரடிப் பார்வையில்தான் வேலை. உதவியாளராக நிற்பவர் அதே நேரத்தில் ஸ்க்ரப் தாதியாகவும் நிற்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. இரண்டு கையும் காயத்துக்குள் இருந்தால் ஒற்றியை யார் எண்ணுவது? ஆளில்லாத இரவில் ஒருவரையே இரண்டு வேலைக்கும் நிறுத்தும் ஆபத்தை அந்த ஒரு விதி தடுக்கிறது.

எழுதிவைத்த ஒழுங்கு உயிர் காக்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரீட்சித்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளியின் பெயர், வெட்டும் இடம், ஒவ்வாமை, எண்ணிக்கை என எல்லாவற்றையும் உரக்கக் கேட்டு உறுதிசெய்வதுதான் அந்தப் பட்டியல்.

இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடு போய்க்கொண்டிருக்கிறார்கள். மூத்த தாதியர் ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் தொழிலைப் பாடத்திட்டமாக எழுதுங்கள், முதல் உதவியாளருக்கான பயிற்சியையும் அதிகார எல்லையையும் சட்டப் பாதுகாப்பையும் வகுத்துக் கொடுங்கள் என்று சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதித் தரக்கூடியவர்கள் இன்னும் சேவையில் இருக்கிறார்கள்.