மிங்கஸின் பெயர் தாங்கிய இசைத்தொகுப்பு: ஒடுக்கப்பட்டோரின் இசை யாருக்கு உரியது?

1979ஆம் ஆண்டு ஜூன் மாதம், கனடாவைச் சேர்ந்த பாடகரும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செல் 'மிங்கஸ்' என்னும் ஜாஸ் இசைத்தொகுப்பை வெளியிட்டார். தலைப்பில் இருப்பது பாடியவரின் பெயரன்று. அவ்வாண்டு ஜனவரி 5 அன்று மறைந்த கறுப்பின இசைமேதை சார்லஸ் மிங்கஸின் பெயர். ஒடுக்கப்பட்ட மக்களின் கலையைப் பிறர் கையிலெடுக்கும்போது நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் எவை என்பதை இத்தொகுப்பு உருவான விதம் தெளிவுபடுத்துகிறது.

1922இல் பிறந்த மிங்கஸ், லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். இளமையில் அவர் செல்லோ கற்றார். அன்றைய செவ்வியல் இசைக்குழுக்களின் கதவுகள் கறுப்பினத்தவருக்கு மூடியிருந்ததால் பேஸ் கருவிக்கு மாறினார். தம் இசை தம் உடைமையாகவே இருக்க வேண்டும் என்று 1952இல் மேக்ஸ் ரோச்சுடன் இணைந்து சொந்தப் பதிவு நிறுவனம் தொடங்கினார். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்தியவர் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ். அவரை எள்ளி நகையாடிய மிங்கஸின் படைப்பைக் கொலம்பியா நிறுவனம் 1959இல் சொற்களின்றியே வெளியிட்டது. மறு ஆண்டு, கேண்டிட் என்னும் சிறு நிறுவனத்துக்காகச் சொற்களோடு அதை மீண்டும் பதிவு செய்தார் மிங்கஸ்.

தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்புநோய் அவரைச் சக்கர நாற்காலியில் முடக்கிய 1978இல், மிட்செலை அழைத்தவர் மிங்கஸ்தான். மெட்டுகள் அவருடையவை, சொற்கள் மிட்செலுடையவை. தொகுப்பின் ஆறு பாடல்களுள் நான்கின் இசையமைப்பாளர் மிங்கஸ் என்றே பதிவாகியுள்ளது. அவற்றுள் ஒன்று, சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கு 1959இல் மிங்கஸ் இயற்றிய இரங்கல் இசை. அதற்கு மிட்செல் எழுதிய சொற்கள், நிற எல்லை தாண்டி மணந்த இணையர் எதிர்கொண்ட வெறுப்பையும் பேசுகின்றன. ஹெர்பி ஹான்காக், வெய்ன் ஷார்ட்டர், ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஆகியோர் வாசித்தனர். பாடல்களுக்கிடையே மிங்கஸின் பேச்சொலியே கேட்கிறது.

ஆயினும் நாம் மறக்கக்கூடாத மற்றொன்றும் உண்டு. 1977இல் வெளிவந்த முந்தைய தொகுப்பின் அட்டையில், வெள்ளையரான மிட்செல் முகத்தில் கருமை பூசிக் கறுப்பின ஆணாக வேடமிட்டிருந்தார். கறுப்பின மக்களை இழிவுபடுத்திய 19ஆம் நூற்றாண்டு மேடைக் கேலிக்கூத்துகளின் எச்சம் அந்த வேடம். அந்த அட்டையே மிங்கஸின் ஆர்வத்தைத் தூண்டியது என மிட்செல் கூறியுள்ளார். அப்படியே இருந்தாலும், ஒருவரின் இசைவு ஒரு சமூகத்தின் காயத்துக்கு விடையாகிவிடாது. பல பத்தாண்டுகளுக்குப் பின், 2024இல்தான் மறுவெளியீட்டில் அவ்வட்டை மாற்றப்பட்டது.

ஒரே கலைஞரின் இவ்விரு செயல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு தெளிவானது. அட்டையில் ஒடுக்கப்பட்டவர் வெறும் வேடம். 'மிங்கஸ்' தொகுப்பிலோ அவர் அழைப்பவர், இயற்றுபவர், உரிமையாளர், தம் குரலில் பேசுபவர். கலைஞரின் நல்லெண்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்வேறுபாடு புலப்படாது.

பறையும் கானாவும் பெருமேடைகளையும் திரைப்படங்களையும் எட்டியிருக்கும் இக்காலத்தில் நாம் கேட்க வேண்டியவையும் இவையே: அழைத்தவர் யார்? பெயர் யாருக்கு? உரிமைத்தொகை யாருக்கு? இசையைக் கொண்டாடுவோர், அதைப் படைத்தவரின் சொற்களையும் நீக்காமல் கேட்க அணியமாக இருக்கிறார்களா?