திரைக்குள்ளே ஒரு போலீஸ்!

கம்ப்யூட்டரில் சமையல் குறிப்புத் தேடுகிறீர்கள். திடீரென்று திரை முழுவதும் அசோகச் சின்னம்! "ஆபாசப் படம் பார்த்தீர்கள்; உடனே அபராதம் கட்டாவிட்டால் கைது!" என்று மிரட்டல். திரை அசைய மாட்டேன் என்கிறது. மானத்துக்கு அஞ்சி, வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வெட்கந்தான் திருடனுக்கு மூலதனம்!

வேஷம் பழையது. 'ரெவிடான்' என்ற பெயரில் ஐரோப்பாவில் தலைக்கு 100 யூரோ வசூலித்த கும்பலின் தலைவன் 2012 டிசம்பரில் துபாயில் பிடிபட்டான். வீடியோவில் வந்து மிரட்டும் 'டிஜிட்டல் கைது' இதற்குத் தம்பி. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாதென்று 2024 அக்டோபரில் பிரதமர் மோடியே வானொலியில் சொன்னார்.

விரட்டுவது எப்படி? எஸ்கேப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மசியவில்லையா? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். பெரும்பாலும் அது வெறும் வலைப்பக்கம், பூட்டும் போலி. மீண்டும் தலைகாட்டினால், வைரஸ் ஒழிப்புப் புரோகிராமை ஓட்டுங்கள். செல்போனானால், 'சேஃப் மோடி'ல் திறந்து புதிதாக நுழைந்த ஆப்பை நீக்குங்கள்.

பணம் போய்விட்டதா? தாமதியாமல் பாங்குக்குச் சொல்லி, 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நிஜப் போலீஸ்காரர் வாசல் கதவைத் தட்டுவார். திரையைப் பூட்டிக்கொண்டு காசு கேட்க மாட்டார்!