தவக்காலத்து பீரும் ஒரு பாதிரியாரின் கதையும்

போக் என்ற பீர் வகை நோன்போடு வளர்ந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் மியூனிக் நகரத்துப் பவுலானர் துறவிகள் தெம்புக்காகக் கனமான பீர் காய்ச்சிக் குடித்தார்கள். திட உணவு குறைந்த நாட்களில் அதுவே அவர்களுக்குத் திரவ ரொட்டி. பெயர் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்தது. வட ஜெர்மனியின் ஐன்பெக் நகரம் பீருக்குப் பேர்போனது. மியூனிக்காரர்களின் வாயில் அந்த ஊர்ப்பெயர் தேய்ந்து ‘ஐன் போக்’ ஆயிற்று. அதற்கு ஜெர்மன் மொழியில் ‘ஓர் ஆட்டுக்கடா’ என்று பொருள். போக் பாட்டில்களின் ஒட்டுச்சீட்டில் ஆட்டின் தலை முறைத்துப் பார்ப்பது இந்த உச்சரிப்புக் குழப்பத்தின் மிச்சம்.

போக்கின் சுவை முளைகட்டிய பார்லியிலிருந்து, அதாவது மால்ட்டிலிருந்து வருகிறது. அந்த முளையைச் சற்றுக் கூடுதல் சூட்டில் உலர்த்தும்போது நிறம் சிவக்கிறது. ரொட்டியின் கருகாத ஓரம் தருகிற மணமும், கருப்பட்டியை நினைவூட்டும் மெல்லிய இனிப்பும் சேர்கின்றன. கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூக்கள் பேருக்குத்தான். 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து, பிறகு வாரக்கணக்கில் பீர் குளிரிலேயே கிடப்பதால் பழவாசனையோ மசாலா நெடியோ ஏறுவதில்லை. நாக்கில் மால்ட் மட்டுமே தங்கும்.

இந்த பீர் டெக்சஸுக்குப் போனது குடியேறிகளோடு. ஜெர்மானியர்கள் 1845இல் நியூ பிரான்ஃபெல்ஸையும் அடுத்த ஆண்டு ஃப்ரெடரிக்ஸ்பர்க்கையும் அமைத்தார்கள். பின்னாலேயே செக் மக்களும் வந்தார்கள். ஷைனர் என்ற சிற்றூரில் 1909இல் ஒரு பீர் ஆலை எழுந்தது. சில ஆண்டுகளில் அது பவேரியாக்காரரான கோஸ்மோஸ் ஷ்போட்ஸல் கைக்கு வந்தது. இன்றும் ஆலைக்கு அவர் பெயர்தான். ஷைனர் போக் 1913இல் தொடங்கி அறுபது ஆண்டுகள் தவக்காலத்தில் மட்டும் கிடைத்த பருவ பீர். 1973இல்தான் அது ஆண்டு முழுவதுக்கும் ஆனது. இதன் ஆல்கஹால் அளவு 4.4 சதவீதம். 6 சதவீதத்துக்கு மேல் பழகிய ஜெர்மானியர் இதைப் போக் என்று ஒப்புவது சந்தேகமே. டெக்சஸ் வெயிலுக்கு அந்த இளக்கம் தேவைப்பட்டிருக்கலாம்.

அதே குடியேறிகள் அக்கார்டியனையும் போல்கா நடனத்தையும் மரத்தரை போட்ட நடனக்கூடங்களையும் கொண்டுவந்தார்கள். ஆபட் என்ற டெக்சஸ் ஊரில் 1933இல் பிறந்த பாடகர் வில்லி நெல்சன், சிறுவயதில் முதன்முதலாகக் கூலிக்குக் கிதார் வாசித்தது ஊர்க் கொல்லர் ஒருவரின் செக் போல்கா குழுவில்தான். ஷைனர் போக்குக்குத் துணையாக அவருடைய இசைத்தட்டு ஒன்றை வைப்பது இதனால்தான் வெறும் கற்பனைப் பொருத்தமாக இல்லை.

அந்த இசைத்தட்டு 1975இல் வந்த ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’. அக்காலத்தில் நாஷ்வில் நகரம் நாட்டுப்புறச் சாயல் கொண்ட கண்ட்ரி பாடல்களுக்கு வயலின் கூட்டமும் பின்னணிக் குழுவும் சேர்த்து மெழுகிக்கொண்டிருந்தது. வில்லி டெக்சஸின் கார்லண்ட் நகரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், தன் சொந்தக் குழுவை வைத்துச் சில நாட்களில் குறைந்த செலவில் பதிவை முடித்தார். தேய்ந்த நைலான் தந்திக் கிதார், அக்கா பாபியின் பியானோ, மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன், அடக்கமான தாளம். கேட்ட கொலம்பியா நிறுவன அதிகாரிகளுக்கு இது முடிக்கப்படாத முன்மாதிரிப் பதிவு போலத் தோன்றியது. ஒப்பந்தப்படி இறுதிச் சொல் வில்லியுடையது என்பதால் அப்படியே வெளிவந்தது. அதிலிருந்த ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்’, பாடகராக அவருக்குக் கண்ட்ரி பட்டியலில் முதல் முதலிடத்தைக் கொடுத்தது. அது ஃப்ரெட் ரோஸ் எழுதிய 1940களின் பழைய பாட்டு.

தட்டு முழுவதும் ஒரே கதை. துரோகம் செய்த மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு, ஒரு பாதிரியார் குதிரையில் அலைகிறார். குற்றம், அலைச்சல், கடைசியில் கொஞ்சம் ஆறுதல். இடையில் சொற்களில்லாமல் பியானோவில் ஒலிக்கும் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’, தமிழ்நாட்டுத் தேவாலயங்களிலும் மொழிபெயர்ப்பில் பாடப்படும் ஞானப்பாட்டுதான். பாவமும் மனம் வருந்தலும் தவக்காலத்தின் பொருள். நோன்போடு வளர்ந்த பீருக்கு இதைவிட நெருங்கிய துணை கிடைப்பது கடினம்.

சுவைக்கும் ஓசைக்கும் உறவு உண்டா என்பது ஆய்வுக்குரிய கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டின் உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் சகாக்களும் நடத்திய சோதனைகளில், மக்கள் இனிப்பை உயர்ந்த சுரத்தோடும் பியானோ ஒலியோடும், கசப்பைத் தாழ்ந்த சுரத்தோடும் இணைத்தார்கள். பாபியின் பியானோ மால்ட்டின் இனிப்பை எடுத்துக்காட்டும் என்று இதை வைத்துச் சொல்லலாம். விளைவு சிறிது, ஆளுக்கு ஆள் மாறும். பொருந்தாததைச் சொல்வது எளிது. எலுமிச்சைத் தோல் மணமும் கடுங்கசப்பும் கொண்ட ஐபிஏ வகை இந்தத் தட்டின் தாழ்ந்த குரலை அமுக்கிவிடும். இலையுதிர்காலத்து மார்ட்ஸன் பீருக்கு பாப் வில்ஸின் ஃபிடில் துள்ளும் நடனப் பாட்டுகள்தான் சரி.

உறைகுளிரில் போக்கின் மணம் திறக்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நுரை அடங்க ஊற்றி, முதல் பக்கத்தை ஓடவிட்டு மெதுவாகக் குடிப்பது வழி. இரண்டு பக்கமும் சேர்ந்து அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். தட்டைத் திருப்பும் வேளைக்குள் கிளாஸ் கொஞ்சம் வெதுவெதுப்பாகி ரொட்டி மணம் எழத் தொடங்கும். இரண்டாம் பக்கத்தின் வால்ட்ஸ் மெட்டு மெக்சிகோவின் ஹுவெண்டினோ ரோசாஸ் எழுதியது; கடைசித் துண்டான ‘பாண்டெரா’வில் வில்லியின் குரலே இல்லை, வாத்திய இசை மட்டும்.