மேசை மேல் ஒரு வங்கக் கடல்

தில்லியில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்துப் படமாகவே நின்றுவிடுகிறது. சாணக்யபுரியில் நம் வீட்டிற்குச் சற்றுத் தொலைவிலேயே, 1977-இல் திறக்கப்பெற்ற ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். நீர்மூழ்கிக் கப்பலைத் தில்லிக்குக் கொணர்வார் யார்? ஆகவே சென்ற கோடையில் ஊருக்குப் போகும் வழியில் விசாகப்பட்டினத்தில் இறங்கி, கடற்கரையில் நிறுத்தியுள்ள ‘குர்சுரா’வைப் பன்னிரண்டு வயது மகளுக்குக் காட்டினோம்.

சோவியத் நாட்டில் கட்டப்பெற்று 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. 2001-இல் ஓய்வு பெற்று, 2002 முதல் காட்சிசாலையாக நிற்கிறது. நீர்மேல் செல்கையில் அதை ஓட்டுவது டீசல் எஞ்சின். மூழ்கியபின் எஞ்சினுக்குக் காற்று ஏது? மின்கலங்களில் சேமித்த மின்சாரமே துணை. தொட்டிகளில் கடல்நீரை ஏற்றினால் அமிழும். அழுத்திய காற்றால் அந்நீரை வெளித்தள்ளினால் எழும். எழுபதுக்கு மேற்பட்டோர் அந்தக் குறுகிய கூட்டுக்குள் வாழ்ந்தனர் என்று கேட்டதும் மகள் பேச்சற்றுப் போனாள்.

வீடு திரும்பியதும், “நாமே ஒன்று செய்வோம், அப்பா” என்றாள். நூற்றைம்பதில் ஒரு பங்கு என அளவு வகுத்தோம். 91 மீட்டர் நீளம் ஏறக்குறைய 61 சென்டிமீட்டராயிற்று. ஏழரை மீட்டர் அகலம் 5 சென்டிமீட்டர். குழாய்க் கடையில் விற்கும் 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் இதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்திற்று! முனைகளை மரத்தில் இழைத்து, மேல்தளத்தை அட்டையில் வெட்டி ஒட்டி, புட்டி பூசித் தேய்த்தோம். கப்பல் மூன்று ஞாயிறுகளில் முடிந்தது.

நம்மைப் படுத்தியது கடல்தான். தெர்மோகோல் பலகையில் எனாமல் வண்ணம் அடித்தோம். பலகை உருகிக் குழி குழியாயிற்று. அடுத்த முறை அதன்மேல் பிளாஸ்டர் பூசி, ஈரம் காயுமுன் கரண்டியின் பின்புறத்தால் அலை எழுப்பினோம். தூத்துக்குடியில் பிறந்த நமக்குக் கடலைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற செருக்கு வேறு. மகள் அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

“அப்பா, உங்கள் அலை நாலு சென்டிமீட்டர். அப்படியானால் உண்மையில் ஆறு மீட்டர். அந்தப் புயலில் மேல்தளத்தில் ஆள் நிற்க முடியுமா?”

நாள்தோறும் அலுவலகத்தில் கூட்டிக் கழிக்கும் நமக்கு இது தோன்றவில்லை. முழுவதையும் சுரண்டி எறிந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத அலைகளை, ஒரே திசைக் காற்றுக்கு இசைந்தவாறு மீண்டும் அமைத்தோம். மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்து ஒட்டி, கருநீலத்தில் சிறிது பச்சை கலந்து தீட்டி, வார்னீஷ் பூசி வெளியில் வைத்தோம். அன்று மாலை புழுதிக்காற்று வீசிற்று. வங்கக் கடல் வெள்ளக் காலத்து யமுனையாக மாறியது. வார்னீஷ் பூசுவோர் சாளரத்தைச் சாத்திவிட்டுப் பூசுக!

கடைசியில் கப்பலைக் கடலில் பொருத்த, நீர்மட்டத்தில் குழாயை நீளவாக்கில் அறுத்தோம். உண்மைக் கப்பல் நீர்மேல் மிதக்கும்போதே ஆறு மீட்டர் நீருக்குள் இருக்கும். ஆதலின் நம் குழாயில் பெரும்பகுதி கழிவாயிற்று. அதைக் குப்பையில் போடப் போனோம். மகள் கையைப் பற்றித் தடுத்தாள்.

“அதற்குள்தானே அப்பா, அத்தனை பேரும் இருந்தார்கள்!”

மறுமொழி கூற இயலவில்லை. அப்பகுதியைக் கடற்பலகைக்கு நேர் அடியில் திருகாணியிட்டு முடுக்கி, பலகையின் இருபுறமும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். மேலே கோபுரத்தருகே, ஒரு சென்டிமீட்டரைச் சற்றே விஞ்சும் மாலுமிகள் இருவர். இப்போது வீட்டுக்கு வரும் பிள்ளைகள் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே தரையில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்க்கிறார்கள்.