கல்யாணத்துக்கு நெய்வேலி போகிறீர்களா?

தாலி கட்டியாகிவிட்டது. பந்தியும் முடிந்தது. கையில் தாம்பூலப் பை. மணியோ ஒன்பதுகூட ஆகவில்லை! ஊருக்குத் திரும்பும் பஸ் மாலையில்தான். வெளியூர் விருந்தாளி அதுவரை என்ன செய்வார்?

நெய்வேலிக் கல்யாண வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"ஏன் சம்பந்தி, உங்க ஊர்லே பார்க்க என்னதான் இருக்கு?" என்பார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

"சுரங்கம் இருக்கு, சம்பந்தியம்மா!" என்பார் பெண்ணின் தகப்பனார் பெருமையோடு.

"நல்லா இருக்கே! குழியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் குழிக்கு ஒரு கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு சுற்றினால் ஒரு பகல் போதாது.

எண்ணில் ஓர் ஊர்

சென்னையில் இருந்து கும்பகோணம் போகும் நெடுஞ்சாலையில், பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே இருக்கிறது நெய்வேலி. சென்னையில் இருந்து சுமார் 200 கிலோமீட்டர். "ஆர்ச் கேட்" என்று கேட்டால் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

உள்ளே நுழைந்ததும் அகன்ற சாலைகள், இரு பக்கமும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். நகரத்தை வட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். "பிளாக்" என்றும் சொல்வார்கள். ஒரு வட்டத்தைப் போலவே இன்னொரு வட்டமும் இருக்கும். ஆகவே வட்ட எண்ணையும் வீட்டு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "வாசலில் வேப்ப மரம் இருக்கும்" என்ற அடையாளத்தை மட்டும் நம்பி வந்தால் முகூர்த்தம் தவறிவிடும்! எல்லா வாசலிலும் ஒரு மரம் இருக்கும்.

காலையில் காபி, டீ கிடைக்குமோ என்ற கவலை வேண்டாம். இது ஷிப்ட் வேலைக்காரர்களின் ஊர். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்காகக் கடைகள் விழித்துக்கொண்டிருக்கும். பஸ் நிலையத்தின் பக்கமும் கடைவீதியிலும் இட்டிலி, பொங்கல், பூரி சூடாகக் கிடைக்கும்.

குழி அல்ல, காடு!

இப்போது பெரியம்மா சொன்ன குழிக்கு வருவோம்.

1930-களில் இந்தப் பக்கம் முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளைந்த செம்மண் பூமி. ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காக ஆழமாகத் தோண்டினார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி! பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு மண்ணில் புதைந்த காடு, கரியாகிக் கிடந்தது.

காமராசர் முதல்-அமைச்சராக இருந்த காலத்தில், 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரியைக் கண்ணால் பார்க்க 1961 வரை மண்ணை அள்ள வேண்டியிருந்தது. 1962-ல் சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் மின் நிலையம் உழைத்து ஓய்ந்து 2020-ல் மூடப்பட்டது. அதற்குப் பின் வந்த நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016-ல் நிறுவனத்தின் பெயரும் என்.எல்.சி. இந்தியா என்று மாறிற்று.

இது கூரை போட்ட சுரங்கம் அல்ல. திறந்தவெளிச் சுரங்கம். மேலே இருக்கும் மண்ணை 50 மீட்டருக்கும் மேல் அகற்றினால்தான் கரி தெரியும். அதற்காக ராட்சதச் சக்கர எந்திரங்கள் இருக்கின்றன. சக்கரத்தைச் சுற்றி வாளிகள். பெரிய எந்திரத்தின் ஒரே ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும்! கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாக்களை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை அண்டா அந்த வாளிக்குள் அடங்கும்!

கரிக்கு அடியில் தண்ணீர் மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நீரின் அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். இறைக்கும் நீர் வீண் போவதில்லை. அதில் ஒரு பகுதி ஊருக்கும், ஏரி வழியாக வயலுக்கும் போகிறது.

ஒரு எச்சரிக்கை: நினைத்தவுடன் சுரங்கத்துக்குள் போக முடியாது. முன் அனுமதி வேண்டும். பார்க்க ஆசை இருந்தால் கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆண்டவனுக்கு ஒரு மனு

ஊருக்குள்ளேயே நடராசர் கோவில் இருக்கிறது. பத்தடிக்கு மேல் உயரமான ஐம்பொன் நடராசரை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். அங்கே ஆராய்ச்சி மணியும் மனுப்பெட்டியும் உண்டு. குறை இருப்பவர்கள் அதைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். மணமக்களை முதலில் இங்கே அழைத்துப் போகலாம். குறை ஒன்றும் இல்லை என்றால் பெட்டிக்கு வேலை இல்லை!

நகரத்தை ஒட்டி வேலுடையான்பட்டு முருகன் கோவில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே காவடிக் கூட்டம் அலைமோதும்.

அழைப்பிதழ் இல்லாத பந்தி

நெய்வேலியில் இருந்து சுமார் 10 கிலோமீட்டரில் வடலூர். வள்ளலார் வாழ்ந்த ஊர். 1867 மே மாதம் அவர் அங்கே சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருகிறவர்களுக்கு அங்கே தினமும் சோறு. சாதி கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை. பத்திரிகை வைத்தார்களா என்று கேட்பதில்லை!

கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைக்கவில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒருமுறை தருமச் சாலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணமே வராது. விரும்புகிறவர்கள் அரிசி, பருப்பு கொடுக்கலாம். கல்யாண நாளில் ஒரு மூட்டை அரிசி அங்கே போனால், அதைவிட நல்ல மொய் வேறு என்ன?

அருகில் எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி சோதி தரிசனம் காட்டுவார்கள். சபைக்குள் புலால் உண்ணாதவர்கள் மட்டுமே போகலாம். மற்றவர்கள் வெளியில் இருந்து வணங்கலாம். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுவீட்டுக் கறி விருந்தைத் தின்ற பிறகு வந்து நின்றால் சங்கடம்!

பலாவும் முந்திரியும்

வைகாசி முகூர்த்தமா? நீங்கள் அதிர்ஷ்டசாலி! அது பண்ருட்டிப் பலா பழுக்கும் காலம். சாலையோரத்தில் குவித்து வைத்திருப்பார்கள். முழுப் பழத்தைத் தூக்க முடியாதவர்கள் சுளையாக வாங்கிச் சாப்பிடலாம். முந்திரிப் பருப்பு எல்லாக் காலத்திலும் கிடைக்கும். வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் வாங்கிப் போக இதைவிட ஏற்ற பண்டம் இல்லை.

இன்னும் ஒரு நாள் தங்க முடிந்தால் சிதம்பரம் போகலாம். நடுப்பகலில் நடை சாத்துவார்கள். ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். அங்கே சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடாமல் திரும்பக்கூடாது. அதற்கு அப்பால் பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்துக்கு அங்கே படப்பிடிப்பு நடந்தது.

மேற்கே விருத்தாசலம். "காசியைவிட வீசம் அதிகம்" என்று முன்னோர் போற்றிய தலம். பீங்கான் பொம்மைகளுக்கும் பெயர்போன ஊர். குழந்தைகளுக்கு ஒன்று வாங்கலாம்.

யாருடைய ஊர்?

சுற்றிப் பார்த்தாகிவிட்டது. ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்.

இந்த நகரும் சுரங்கமும் வருவதற்கு முன்பு இங்கே கிராமங்கள் இருந்தன. வீடும் வயலும் குலதெய்வக் கோவிலும் இருந்தன. கரிக்காக மக்கள் அவற்றை விட்டுக்கொடுத்தார்கள். நிலத்துக்கு என்ன விலை, வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்ற கேள்விகள் இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட எந்திரங்கள் நெல் வயலில் இறங்கின. வளர்ந்த பயிர் மண்ணோடு போயிற்று. அதைப் பார்த்துத் தமிழ்நாடே பதறியது. பயிரின் வாட்டத்துக்கும் இரங்கிய வள்ளலாரின் மண் அல்லவா இது?

நகருக்குள் வாழ்கிறவர்கள் கதை வேறு. நிறுவனத்தின் வீட்டில் முப்பது ஆண்டு இருந்திருப்பார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, படித்து, வளர்ந்திருப்பார்கள். வைத்த மாங்கன்று மரமாகிக் காய்த்திருக்கும். ஆனால் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யவேண்டும். அதனால்தான் பல பெற்றோர், "இந்த வீட்டு வாசலிலேயே வாழை மரம் கட்டிவிடவேண்டும்" என்று அவசர அவசரமாகக் கல்யாணத்தை முடிக்கிறார்கள். பெண்ணை வழியனுப்பும் வாசலுக்கே சில மாதத்தில் அவர்களும் விடை சொல்லவேண்டும்.

நிலம் கொடுத்தவருக்கு அவருடைய ஊர் இல்லை. ஊரில் வாழ்ந்தவருக்கு அங்கே நிலம் இல்லை. இரண்டு பேரும் "எங்கள் ஊர்" என்றுதான் சொல்கிறார்கள்.

பஸ் ஏறும்போது பெரியம்மாவிடம் தகப்பனார் மறுபடியும் கேட்பார்: "எங்க ஊர் எப்படி, சம்பந்தியம்மா?"

"நல்ல ஊர், சம்பந்தி" என்று வாய் நிறையச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் விளக்கைப் போடும்போது இந்த ஊரை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் யாரோ ஒருவருடைய வயலும் இருக்கலாம்.